இரண்டாம் உதாரணம்

ஸ்காபரோ
4 மார்ச் 2025

சுலக்சனா,

இரண்டரை வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரிக்க இல்லை. நீ சீனாவுக்குப் போனதில் இருந்து வட்சப் உனக்கு வேலை செய்யாது, பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குத்தான் எழுத வேண்டும் என்று ஜெயமலர் முகவரியைத் தந்தாள். என் மனைவியும் தங்கச்சியுமாக மச்சாள்மார் இருவரும் இவ்வளவு காலமும் தொடர்பில்தான் இருந்திருக்கிறீர்கள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை நான் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தவணை என் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர், எல்லோரும் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் படிக்க வந்தவர்கள். அதில் லின் என்று ஒரு சீனப் பிள்ளை, வாய் திறக்கவே மாட்டாள். போன வியாழக்கிழமை, நோயாளியைக் கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றுவது எப்படி என்று செய்து காட்டினேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றாள். அவள் பேசியது ஆங்கிலத்தில். நான் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

“சேர், உங்கள நான் முந்தியே பாத்திருக்கிறன்.”

“எங்க? பஸ்ஸிலயோ?”

“இல்ல, சீனாவில, லான்ஜோவில. எங்கட அம்மாவின்ர கொம்பியூட்டரில.”

அவளுடைய தாய் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பிக்கிறாராம். விரிவுரையாளர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி நடந்ததாம். அதில் நான் இருக்கும் ஒரு வீடியோவைக் கொடுத்தார்களாம். தாயிடம் கேட்டு அதை எடுத்து, அங்கேயே போனில் காட்டினாள். நான் ஒரு நிமிடம்தான் பார்த்தேன். கதிரையில் நான் இருக்கிறேன். நீ கடதாசியைப் பார்த்துப் பார்த்து என் குறைகளை வாசிக்கிறாய். கீழே சீன எழுத்து ஓடுகிறது. மேலே ஆங்கிலத்தில் ‘இரண்டாம் உதாரணம்’ என்று போட்டிருக்கிறது.

2022 ஒக்டோபரில் உன் கற்பித்தல் பயிற்சிப் பட்டறையில் ஏழு பேருக்கு நடுவில் நடந்தது அது. ஏழு பேரோடு முடிந்தது என்று நினைத்துத்தான் இவ்வளவு நாளும் நடமாடினேன். இப்போது என்னிடம் படிக்கும் பிள்ளை, நான் எப்படிக் குனிந்து இருந்தேன் என்று பார்த்துவிட்டு வந்து என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த வீடியோவை எடுத்துவிடு. எத்தனை இடத்தில் இருக்கிறதோ அத்தனை இடத்தில் இருந்தும். வேறு எதுவும் எனக்கு உன்னிடம் தேவையில்லை.

கோகுலன்


சிஆன்
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் பெயரை மின்னஞ்சலில் கண்டதும் அம்மாவுக்கு ஏதாவதோ என்று பயந்துவிட்டேன். அவ நலம் என்று ஜெயமலர் மச்சாள் எழுதினா. அவவோடு கோபிக்க வேண்டாம், நான்தான் கேட்டுக் கேட்டு எழுத வைத்தேன்.

நீங்கள் நினைப்பதுபோல உங்களைப் பார்த்துச் சிரிப்பதற்காக அதை யாரும் காட்டவில்லை. இங்கே என்ன நடக்கிறது என்று சொன்னால் விளங்கும்.

பட்டறையின் முறை உங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவரும் பத்து நிமிடம் ஒரு சின்னப் பாடம் நடத்த வேண்டும். மற்றவர்கள் மாணவர்களாக இருந்து படிக்க வேண்டும். முடிந்ததும் தங்களுக்கு எது விளங்கியது, எந்த இடத்தில் தொலைந்து போனோம் என்று சொல்ல வேண்டும். கனடாவில் இதைச் செய்யும்போது பாதிப் பேர் காப்பிக்கு எப்போது விடுவீர்கள் என்று கேட்பார்கள். இங்கே அப்படி இல்லை. முதல் வருடம் இரண்டு பல்கலைக்கழகங்கள்தான். அங்கே பயிற்சி எடுத்தவர்கள் தாங்களே பயிற்றுநர்களாகி அடுத்த நகரத்துக்குப் போனார்கள், அங்கே படித்தவர்கள் அதற்கடுத்த நகரத்துக்கு. போன மாதக் கணக்கில் அறுபத்தொரு பல்கலைக்கழகங்கள். முக்கால்வாசி இடங்களுக்கு நான் போனதே இல்லை. என் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் ஒரு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுந்தார்கள். பாடத்தை அழகாக நடத்துவார்கள். பாடத்துக்கு நாங்கள் வகுத்த ஆறு படிகளையும் ஒன்று விடாமல் செய்வார்கள். மற்றவர்கள் கருத்துச் சொல்லத் தொடங்கியதும் சபை உறைந்துவிடும். இளம் விரிவுரையாளர் மூத்த பேராசிரியருக்கு என்ன குறை சொல்வது? “மிக நன்றாக இருந்தது, நிறையக் கற்றுக்கொண்டேன்” என்று வரிசையாக ஒரே வசனம் வரும். யாராவது துணிந்து ஒன்று சொல்லிவிட்டால் கேட்பவர் காரணம் சொல்லத் தொடங்கிவிடுவார். அப்போதுதான் உங்கள் பதிவு ஞாபகம் வந்தது. நான் அவ்வளவு சொன்னேன். நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நன்றி சொன்னீர்கள். விமர்சனத்தை எப்படி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்கு உதாரணமாகத்தான் அதைக் கொடுத்தேன். உங்களை ஒரு முன்மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

பதிவைப் பயிற்சித் தேவைக்குப் பயன்படுத்தலாம் என்ற படிவத்தில் நீங்கள் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். அது என்னிடம் இருக்கிறது. ஒரு சொல் கேட்டிருக்கலாம் என்பது உண்மை. நீங்கள் என் போனை எடுக்காமல் இருந்த காலம் அது.

எல்லா இடத்திலும் இருந்து எடுப்பது இப்போது என் கையில் இல்லை. யாரிடம் எத்தனை பிரதி இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

அன்புடன்,
சுலக்சனா


ஸ்காபரோ
15 மார்ச் 2025

சுலக்சனா,

படிவத்தைப் பற்றி எழுதியிருந்தாய். வேறு யாராவது நீட்டியிருந்தால் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்திருப்பேன். நீட்டியது உன் கை. வாசிக்காமல் வைத்தேன். அதை ஒரு சாட்சியாகக் காட்டுவாய் என்று நினைக்கவில்லை.

முன்மாதிரி என்கிறாய். சரி, அந்த முன்மாதிரி அன்றைக்கு என்ன நினைத்துக்கொண்டு இருந்தது என்று சொல்கிறேன்.

மற்ற ஆறு பேரும் தங்களுக்குப் பட்டதைச் சொன்னார்கள். நல்லதும் சொன்னார்கள், ஒன்றிரண்டு குறையும் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. அதோடு முடித்திருக்க வேண்டும், உங்கள் முறைப்படியே. நடத்துகிறவர் நடுவில் நிற்க வேண்டுமே தவிரக் கடைசியில் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று காலையில் நீதான் சொன்னாய். பிறகு நீயே கடதாசியை எடுத்தாய். நோக்கம் தெளிவில்லை என்றாய். வேகம் கூட என்றாய். சொல்லியே கொல்கிறீர்கள் என்றாய். “நீங்கள் எங்களைப் பார்க்கவே இல்லை” என்றாய். எங்கள் துறையின் ஒருங்கிணைப்பாளர் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தா. பதினாறு வருடம் முதியோர் இல்லத்தில் ஆட்களை எழுப்பி இருத்திய எனக்கு, அதை எப்படிச் செய்வது என்று சொல்லத் தெரியவில்லை என்று என் தங்கச்சி ஊருக்கு முன்னால் சொல்கிறாள்.

நான் பேசாமல் இருந்தது பண்பால் இல்லை. வாயைத் திறந்தால் உன்னை “எடியேய்” என்றிருப்பேன். வேறு ஆட்கள் இருக்கும் இடத்தில் உன்னை அப்படிக் கூப்பிட்டால் உனக்கு மரியாதை போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கண்ணும் கலங்கிவிட்டது. அதனால்தான் குனிந்தேன். ‘தாங்க்யூ’ சொல்லிவிட்டு வந்து கார் நிறுத்துமிடத்தில் முக்கால் மணி நேரம் வண்டியை எடுக்காமல் இருந்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அந்தக் கிழமைதான் முழுநேர ஆசிரியர் இடத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒன்பது வருடம் தவணைக்குத் தவணை ஒப்பந்தம் பார்த்துவிட்டு, முதல் தடவையாக. திங்கட்கிழமை நானே போய் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்தேன். ஒருங்கிணைப்பாளர் ஏன் என்று கேட்டா. குடும்பச் சூழ்நிலை என்று சொன்னேன். பொய்யில்லை. அந்த இடத்தில் இப்போது வேறொருவர் இருக்கிறார், நல்ல மனிதர், அடுத்த இருபது வருடத்துக்கு அசையமாட்டார். நான் இன்னும் கிழமை நாட்களில் இரண்டு வளாகங்களுக்கு ஓடிவிட்டு, சனி ஞாயிறு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன்.

இதைத்தான் அறுபத்தொரு பல்கலைக்கழகத்தில் காட்டுகிறீர்கள். பார், இந்த ஆள் எவ்வளவு பணிவாக இருக்கிறான் என்று.

எடுக்க முடியாது என்று இன்னொரு தடவை எழுதாதே. முயற்சி செய்துவிட்டு எழுது.

கோகுலன்


சிஆன்
2 ஏப்ரல் 2025

அண்ணை,

உடனே பதில் எழுத முடியவில்லை. நாலு தடவை தொடங்கி அழித்தேன். வேலை மும்முரம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய்.

விண்ணப்பத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. ஜெயமலர் மச்சாளும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. ஒன்றும் செய்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது நான் அப்படித்தான் இருந்தேன்.

காரணம் சொல்லக்கூடாது என்றுதான் மற்றவர்களுக்குப் படிப்பிக்கிறேன். இருந்தாலும் இதைச் சொல்ல வேண்டும். அன்று காலை அறைக்குள் வந்ததும் உங்கள் ஒருங்கிணைப்பாளர் சிரித்துக்கொண்டு, “உங்கட அண்ணாதானே, கொஞ்சம் பாத்துச் செய்வீங்கள்” என்றா. பகிடிக்குத்தான் சொன்னா. எனக்கு அது பகிடியாகப் படவில்லை. தன் பிள்ளை வகுப்பில் இருந்தால் மற்றப் பிள்ளைகளைவிட இரண்டு புள்ளி குறைத்துப் போடுகிற வாத்தியார்மாரை நாம் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். நானும் அதைத்தான் செய்தேன். மற்ற ஆறு பேரின் பாடத்துக்கும் கடைசியில் நான் எதுவும் சொல்லவில்லை. உங்கள் பாடத்துக்கு மட்டும் சொன்னேன். சொந்தம் என்று பார்க்கவில்லை என்று மற்றவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. காட்டினேன். அதில் எனக்கு அன்று பெருமையும் இருந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி முயற்சி செய்தேன். இங்கே ஒருங்கிணைப்பைப் பார்ப்பவர் பேராசிரியை ஹே. வீடியோவை நீக்க வேண்டும் என்றேன். நல்ல பயனுள்ள பதிவாயிற்றே, ஏன் என்று கேட்டா. படத்தில் இருப்பவர் விரும்பவில்லை என்றேன். அவர் யார் என்று கேட்டா. என் அண்ணா என்றேன். இரண்டு வருடமாக அந்த வீடியோவை வைத்துக்கொண்டு நான் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை.

“சகோதரர் என்று தெரிந்தால் இங்கே எல்லோரும் அதை வேறு மாதிரித்தான் பார்ப்பார்கள்,” என்றா. எப்படி என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததுதான். தங்கையின் மரியாதையைக் காக்கத்தான் மூத்தவர் பேசாமல் இருந்தார் என்று இவர்களுக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை.

தனித்தனியாகக் கேட்டால் ஒன்றும் நடக்காது, ஏப்ரல் பதினெட்டாம் திகதி லான்ஜோவில் எல்லாப் பயிற்றுநர்களும் கூடுகிறார்கள், அங்கே நீயே எழுந்து சொல் என்று பேராசிரியை ஹே சொல்கிறா. சொல்லப் போகிறேன். அடுத்த வருடத்துக்கும் என்னை இங்கே வைத்திருப்பதா என்று அந்தக் கூட்டத்தில்தான் முடிவெடுப்பார்கள். அதற்காக உங்களிடம் நன்றி எதிர்பார்க்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

சுலக்சனா


லான்ஜோ
20 ஏப்ரல் 2025

அண்ணை,

உங்களிடம் இருந்து பதில் வரவில்லை. வராது என்று நினைத்துத்தான் இதை எழுதத் தொடங்குகிறேன்.

கூட்டம் முடிந்தது. நூற்றுப் பத்துப் பேர் அளவில் வந்திருந்தார்கள். எனக்குக் காலையில் இருபது நிமிடம் தந்தார்கள். இரண்டாம் உதாரணத்தில் இருப்பவர் என் மூத்த சகோதரர் என்று சொன்னேன். நடுவில் நிற்க வேண்டிய நான் தீர்ப்புச் சொன்னதையும், ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் பேசாமல் இருந்தது முன்மாதிரி இல்லை, என்னால் வாயடைத்துப் போனது என்றேன். அதனால் அவர் எதை இழந்தார் என்பதையும் சொன்னேன். மொழிபெயர்க்கும் பெண் ஒரு இடத்தில் நிறுத்தி, இதையும் சொல்லவா என்று என்னைக் கேட்டாள். சொல்லச் சொன்னேன். எல்லோரும் தங்களிடம் உள்ள பிரதியை அழிக்க வேண்டும் என்று கேட்டேன்.

பிறகு குன்மிங்கில் இருந்து வந்த ஒரு பயிற்றுநர் கை உயர்த்தினா. நாற்பது வயது இருக்கும், கணிதம் படிப்பிக்கிறவ. அவ கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“இந்த வீடியோவை நான் இருபது தடவையாவது போட்டிருப்பேன். நாங்கள் முதல் நிமிடத்தில் இருந்து போடுகிறோம். பாடத்தின் முடிவில் ஆறு பேரும் மூன்று சோடியாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் எழுப்பி இருத்துகிறார்கள். ஆறு பேருமே சரியாகச் செய்கிறார்கள். படிக்க வந்த எல்லோரும் படித்துவிட்டார்கள். பிறகு ஏன் குறை சொன்னீர்கள் என்று எங்களுக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. நாங்கள் அதை உங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டோம்.”

அண்ணை, நான் வகுப்புகளில் எப்போதும் பத்தாம் நிமிடத்துக்குப் பிறகு, கருத்துச் சொல்லும் இடத்தில் இருந்துதான் போடுவேன். முழுக் கோப்பையும் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். அவர்கள் முழுவதையும் போட்டிருக்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். உலோகவியல் பேராசிரியர், பெயர் குவோ. ஓய்வு பெறும் வயது. அவர் தகப்பனுக்குப் போன வருடம் பாரிசவாதம், ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கக்கத்துக்குள் கை கொடுத்து இழுத்து இழுத்துத் தூக்கி, கிழவருக்குத் தோள்மூட்டு விலகிவிட்டதாம். பயிற்சியில் உங்கள் பாடத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், கதிரையை நல்ல கைப் பக்கமாகப் போட்டு, இரண்டு பாதமும் நிலத்தில் பதிகிறதா என்று பார்த்து, விழுந்த காலின் முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக் கொடுத்து, முன்னுக்குச் சாயச் சொன்னாராம். தகப்பன் தானாக எழும்பினாராம். “ஆக்களைத் தூக்காதேங்கோ, அவை எழும்புறதுக்கு உதவி செய்யுங்கோ” என்று நீங்கள் சொல்கிற வசனத்தைச் சீனத்தில் மனப்பாடமாகச் சொன்னார். கையை வைக்கிற இடத்தையும் சபையில் செய்து காட்டினார். வேறு இரண்டு மூன்று பேர் தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று தலையாட்டினார்கள்.

கடைசியில் இப்படி முடிவெடுத்தார்கள். படத்தில் இருப்பவர் சொன்னால் எல்லோரும் அழிப்பார்கள், யாரும் தயங்க மாட்டார்கள். ஆனால் அவரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல்லச் சொன்னார்கள். முன்பு நான் உங்களிடம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அழிக்கவா, வைக்கவா? நீங்கள் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வேன்.

அடுத்த வருடத்துக்கு என்னை வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. மரியாதையாகத்தான் சொன்னார்கள். இவர்களுக்கு இனிக் கனடாவில் இருந்து ஆள் தேவையில்லை என்பதும் உண்மைதான். ஜூலையில் ரொறன்ரோ வருகிறேன்.

சுலக்சனா


ஸ்காபரோ
1 மே 2025

சுலக்சனா,

உன் வேலை போனது எனக்குச் சந்தோஷமில்லை. அப்படி நினைத்துவிடாதே.

உன் கடிதத்தை ஜெயமலருக்கு வாசித்துக் காட்டினேன். குவோவின் தகப்பன் எழும்பிய இடத்தில் அவள் அழுதுவிட்டாள். பிறகு அவள் சொன்னாள், “எல்லாரும் பாத்திட்டினம். நீங்கள் மட்டும்தான் இன்னும் பாக்கேல்ல.”

உண்மைதான். லின் காட்டியபோதும் நான் பார்த்தது குனிந்து இருந்த இடத்தை மட்டும்தான். அதனால் திங்கட்கிழமை அந்தப் பிள்ளையிடம் கேட்டு வீடியோவை வாங்கினேன். “முழுக்கப் பாருங்கோ சேர், முதல்ல இருந்து” என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவளும் தாயும் முழுவதும் பார்த்திருக்கிறார்கள். அவள் இந்தப் படிப்புக்கு வந்ததே அதைப் பார்த்துத்தானாம், அன்றைக்கே அதைச் சொல்லத்தான் மேசைக்கு முன்னால் வந்து நின்றாளாம். நான் அவளைச் சொல்ல விடவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

வீட்டில் மேசையில் வைத்து, ஒன்றில் இருந்து பத்தாவது நிமிடம் வரை பார்த்தேன். நான் நன்றாகத்தான் படிப்பித்திருக்கிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. வேறு யாராவது நடத்தியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். வேகம் கொஞ்சம் கூடத்தான், அதை நீ சரியாகச் சொன்னாய். நோக்கம் முதல் வசனத்திலேயே தெளிவாக இருக்கிறது. ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் பேசுகிறேன். இரண்டாவது சோடிக்குக் கால் வைக்கும் இடம் பிழைத்ததும் அங்கே போய் நிற்கிறேன். ஒருங்கிணைப்பாளர் பக்கமாகத் திரும்பி, விளங்குதோ என்று இரண்டு தடவை கேட்கிறேன்.

இன்னொன்றையும் பார்த்தேன். நீ கதவோரமாக இருக்கிறாய். மடியில் கடதாசி. நான் தொடங்கும்போது எழுதத் தொடங்குகிறாய், முடிக்கும்போதும் எழுதிக்கொண்டிருக்கிறாய். நம்பாமல் மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் நீ ஒரு தடவையும் நிமிரவில்லை. “நீங்கள் எங்களைப் பார்க்கவே இல்லை” என்று எனக்குச் சொன்னவள் நீ.

அதைக் கண்டதும் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இவ்வளவு காலமும் நான் நினைத்தது, என் தங்கச்சி என் பாடத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அது சரியில்லை என்றாள் என்று. நீ பார்க்கவே இல்லை. பார்க்காதவள் சொன்னதை நம்பித்தான் நான் போய் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்தேன். அதில் என் மடத்தனமும் இருக்கிறது.

வீடியோ இருக்கட்டும். அழிக்க வேண்டாம். இரண்டு விஷயம் செய்யச் சொல். ஒன்று, பாடம் மட்டும் போதும், நீ பேசுகிற பகுதியை வெட்டச் சொல். அது நமக்குள் நடந்தது, ஊருக்குத் தேவையில்லை. மற்றது, உதாரணம் என்று போடாமல் என் பெயரைப் போடச் சொல். படிப்பிக்கிறவனுக்குப் பெயர் இருக்க வேண்டும்.

குவோவிடம் சொல், தகப்பனுக்குக் குளிர் காலத்தில் காலுறையோடு எழும்ப விட வேண்டாம், வழுக்கும். அடியில் றப்பர் உள்ள சப்பாத்து வேண்டும்.

ஜூலையில் நீ வரும்போது நான் உன்னோடு எப்படிக் கதைப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் நடக்காத மாதிரி நடிக்க வராது எனக்கு. வருவதற்கு முதல் ஒரு வேலை செய். அந்தப் பத்து நிமிடத்தையும் பார். பார்த்துவிட்டு எழுது. நல்லது கெட்டது எதுவென்றாலும் எழுது, எனக்குப் பயமில்லை.

கோகுலன்


சிஆன்
6 மே 2025

அண்ணை,

இரண்டு விஷயத்தையும் பேராசிரியை ஹேயிடம் சொன்னேன். பாடம் மட்டும் உள்ள புதிய பிரதியை எல்லோருக்கும் அனுப்பியாயிற்று, உங்கள் பெயரோடு. சப்பாத்துச் செய்தியும் குவோவிடம் போய்விட்டது. உடனே வாங்குகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார்.

நிமிராமல் இருந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நீங்கள் தொடங்கிய விதத்திலேயே பாடம் நன்றாகப் போகப் போகிறது என்று விளங்கிவிட்டது. நிமிர்ந்தால் என் முகத்தில் அது தெரிந்துவிடும், எல்லோரும் கண்டுவிடுவார்கள் என்று பயந்தேன். சத்தத்தை மட்டும் கேட்டுக் குறை தேடினேன். உங்களைப் போல நானும் அதைப் பார்க்காமலே இவ்வளவு காலம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். மன்னியுங்கள் என்று இதுவரை நான் எழுதவில்லை. மன்னியுங்கள், அண்ணை.

நேற்றுப் பார்த்தேன். எழுதுகோல் இல்லாமல், கடதாசி இல்லாமல்.

பட்டறையில் மற்றவர்களுக்குச் சொல்வதுபோலவே எழுதுகிறேன். எழுப்புகிறவர் இழுக்கக்கூடாது என்பது விளங்கியது. கதிரை எந்தப் பக்கம் என்பது விளங்கியது. மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை சாயச் சொல்வது ஏன் என்று நீங்கள் செய்து காட்டிய பிறகுதான் விளங்கியது. எனக்கு அது தெரியவே தெரியாது. அம்மாவை நான் எத்தனை தடவை கையைப் பிடித்து இழுத்து எழுப்பியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை செய்தும் பார்த்தேன். பக்கத்து அறையில் இருக்கும் விரிவுரையாளரைக் கட்டிலில் இருத்திவிட்டு, நீங்கள் சொன்னபடியே நின்றேன். அவ என்னைவிட ஒரு தலை உயரம். என் உயரம் உங்களுக்குத் தெரியும். சாயும் வரைக்கும் சரியாக வந்தது. அவ எழும்பியதும் என் முகம் அவவின் நெஞ்சுக்குள் போய்விட்டது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, இரண்டு பேரும் கட்டிலிலேயே விழுந்துவிட்டோம். மூன்று தடவை செய்தும் அப்படித்தான். நீங்கள் படத்தில் எழுப்புகிற பெண் உயரத்தில் உங்களைவிடச் சின்னவ. அதனால் இந்த இடம் பாடத்தில் வரவில்லை.

உயரமான ஆளை என்னைப்போல கட்டையான ஒருத்தி எழுப்பும்போது தலையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும்? கை அதே இடத்தில்தானா, இன்னும் கீழேயா? எனக்கு விளங்கவில்லை அண்ணை. சொல்லித் தாங்கோ.

சுலக்சனா